கீழ்ப்பாடியின் ஒன்பது பெட்டிகள்

புதன்கிழமைதோறும் பன்னிரண்டு மணிக்குச் சோதனைக்காகக் கீழ்ப்பாடியில் சங்கு ஒரு முறை ஊதி அடங்கும், இன்றும் ஊதியிருக்க வேண்டும், ஊதவில்லை, ஊதவில்லை என்பதை நான் கவனிக்கவும் இல்லை, சங்க ஆபீசுக்குக் கீழே டீக்கடை வைத்திருக்கும் குட்டப்பன்தான் மரப்படியில் பாதி ஏறித் தலையை மட்டும் நீட்டி, என்ன தோழரே இன்னிக்கு உங்க புதன்கிழமைச் சேவல் கூவலையே, யாராவது குழம்பு வெச்சுட்டாங்களா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனான். மழை. நான்கு நாளாக மழை. ஜன்னலுக்கு வெளியே பள்ளம் இல்லை, மூடுபனியின் வெள்ளைதான் இருக்கிறது, அந்த வெள்ளைக்குப் பின்னால் ஓடைக்கு அந்தப் பக்கம் கீழ்ப்பாடி இருக்கிறது, லைன் வீடுகளைப் பாடி என்றுதான் தோட்டத்தில் சொல்வோம், முப்பத்திரண்டு வீடு, இன்று கொழுந்தெடுப்பு இல்லாததால் எல்லோரும் வீட்டுக்குள்ளே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கிறது எஸ்டேட் ரோட்டுக்காக அடியை வெட்டிய மேடு. மேட்டில் சாய்வு அளக்கும் கோல் ஒன்று நட்டிருக்கிறோம், கம்பெனி நடவில்லை, நாங்கள் நட்டோம். கோல் சொல்வதை இந்த மேஜையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் கேட்கும், சாய்வு ஐந்தைத் தொட்டால் கீழ்ப்பாடியில் கூரைக்கடியில் மாட்டியிருக்கும் ஒன்பது சங்குப் பெட்டிகளுக்கும் ஊது என்று சொல்லும். கோல் இப்போது இரண்டு என்கிறது. திரையில் ஒன்பது பெட்டிக்கும் ஒன்பது வரி, ஒன்பதிலும் இணைந்திருக்கிறது, இணைந்திருக்கிறது என்று பச்சையாக நிற்கிறது, ஆனால் பன்னிரண்டு மணிக்கு அனுப்பிய சோதனைச் சொல் ஒன்பதிலும் வாசலைத் தாண்டாமல் கிடக்கிறது. ஒரு பெட்டி என்றால் பெட்டியில் கோளாறு. ஒன்பதும் என்றால். ஒன்பதும் என்றால் என்ன என்று யோசித்துக்கொண்டே டீ டம்ளரைக் குடிக்காமல் மேஜையில் வைத்துவிட்டேன்.

பயப்படத் தெரியாதவன் என்று என்னைப் பற்றி இந்த மலையில் சொல்வார்கள், நானே சொல்லிக்கொடுத்ததுதான் அது. மூன்று முறை வேலையை விட்டு நீக்கினார்கள், மூன்றாவது முறை திரும்ப எடுக்கவே இல்லை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு போயிற்று, மீதியெல்லாம் துண்டுப் பிரசுரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தது, தோட்டத் தொழிலாளர் சட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக் கோடு போட்டுக் கிழியும்வரை படித்தவன், அப்புறம் நாற்பத்தைந்து வயதில் யாரோ கீழே பொள்ளாச்சியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த நோட்டீசில் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சட்டத்தையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பிடிக்காவிட்டால் திருத்தலாம் என்று போட்டிருந்தது, அந்த ஒரு வரிக்காக உட்கார்ந்தேன். படித்தேன். கெர்னல் என்பார்கள், எல்லாப் புரோகிராமுக்கும் அடியில் உட்கார்ந்திருப்பது, எந்தப் புரோகிராமும் வெளியே ஒரு வார்த்தை பேச வேண்டுமானாலும் அதனிடம்தான் போய் நிற்க வேண்டும், அது சரி என்றால்தான் சரி. அதில் நெட்வொர்க் பகுதியை மட்டும் தாளில் அச்செடுத்து அதே சிவப்புப் பென்சிலால் நான்கு வருடம் படித்தேன். பட்டம் வாங்கின பிள்ளைகளுக்கே தெரியாததை இந்த மலையில் ஒரு கூலிக்காரன் மகன் தெரிந்துவைத்திருக்கிறான். ஆகவே தப்பு என்னுடையதாக இருக்க முடியாது, நஸீமாவுடையதாகத்தான் இருக்க வேண்டும். நஸீமா பொள்ளாச்சிப் பெண், எஞ்சினியர், நல்ல பெண், சங்குப் பெட்டிக்கான புரோகிராமை ஒரு பைசா வாங்காமல் எழுதிக்கொடுத்தவள், ஆனால் சின்னப் பெண், எங்கேயோ எதையோ விட்டிருப்பாள், விட்டிருப்பாள் என்று சொல்லிக்கொண்டே அவள் எழுதியதை முதல் வரியிலிருந்து படித்தேன், முடித்தேன், மறுபடி முதல் வரிக்குப் போனேன், மணி ஒன்று ஆகியிருந்தது. அவளிடம் கேட்கலாம் என்றால் டவர் காலை பத்து மணிக்கே போய்விட்டது. நேரே போய்ப் பெட்டியை அணைத்துப் போடலாம் என்றால் ஓடையில் மரப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடுகிறது. பாலம் இல்லாத வழி பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்று, பாதி வழி மண் இறங்கிக் கிடக்கும், எனக்கு வலது முழங்கால் மடங்காது.

ஆடியில் ஒரு முறை கோல் பொய் சொன்னது, மாடு முட்டியிருக்க வேண்டும், சங்கு ஊதி, கிழடுகளையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் கொட்டும் மழையில் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறி ஒரு பகல் முழுக்க நின்றார்கள், ஒரு கல்கூட உருளவில்லை. அதன் பிறகு தோழர் இருமினாலே சங்கு ஊதும் என்று ஒரு பேச்சு. நான் டீக்கடைக்குப் போனால் ஒருவன் இருமுவான், மற்றவர்கள் எழுந்து ஓடுவதுபோல் பாவனை செய்வார்கள். நாற்பது நாள் ஸ்டிரைக்கை நடத்தியவனைப் பார்த்து. அதனால் போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன், ஏன் சொன்னேன், யாரும் கேட்கவில்லையே, இருமியவர்களின் வாயை அடைக்கச் சொன்னேன், ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னேன். "இனி சங்கு பொய் சொல்லாது. சங்கு ஊதினா ஓடுங்க. ஊதலைன்னா நிம்மதியா தூங்குங்க, அதுக்கு நான் பொறுப்பு." கை தட்டினார்கள். இப்போது அந்த வெள்ளைக்குப் பின்னால் நிம்மதியாக இருப்பார்கள். மழைச் சத்தம் கூடினால் யாராவது ஒரு கிழவி மேட்டைப் பார்ப்பாள், இன்னொருத்தி சொல்வாள், சங்குதான் ஊதலையே அத்தை. ஊதாமல் இருப்பதை நான் அவர்களுக்கு ஒரு வாக்குறுதியாகக் கொடுத்திருக்கிறேன். மச்சில் ஊர்வல ஹாரன் இருக்கிறது, பாட்டரி இருக்கிறது, போட்டுச் சொல்லிவிடலாம், ஏறிவிடுங்கள் என்று ஒரே வார்த்தை, சொன்னால் ஏறுவார்கள், கோல் இரண்டிலேயே நின்றுவிட்டால் நாளை டீக்கடையில் இருமல் கேட்கும், அதுகூடப் பரவாயில்லை, பொறுப்பு என்றாயே என்று யாராவது கேட்டால். இன்னும் கொஞ்சம் பார்ப்போம். முதலில் கோளாறைக் கண்டுபிடிப்போம். இப்படித்தான் நினைத்தேன், மனதறிந்து நினைத்தேன், முப்பத்திரண்டு வீட்டை ஒரு தட்டிலும் என் பேச்சை ஒரு தட்டிலும் வைத்து இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றேன்.

கோல் மூன்று என்றது. ஒன்றரை மணி. திரையில் ஒன்பது வரியின் ஓரத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, அனுப்பிய சொல்லுக்குப் பதில் வராவிட்டால் கெர்னல் திரும்ப அனுப்பும், ஒரு விநாடி பொறுத்து, பிறகு இரண்டு, பிறகு நான்கு, எட்டு, பதினாறு, ஒவ்வொரு முறையும் பொறுமை இரட்டிப்பாகும், கடைசியில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தட்டிப் பார்த்துக் கால் மணி ஆனதும் கைவிட்டுவிடும். பன்னிரண்டு மணிச் சொல்லை எப்போதோ கைவிட்டது, நான் அடுத்தடுத்து அனுப்பியவற்றையும் கைவிட்டது. நான் மறுபடி அனுப்பினேன், மறுபடி ஒன்று, இரண்டு, நான்கு. ஒரு இணைப்பில் யாரும் எதுவும் பேசாவிட்டால் அது சும்மா இருக்கிறதா செத்துவிட்டதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், இதை நானே எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன். சும்மா இருப்பவளும் செத்தவளும் ஒன்றுபோல. அன்னக்கொடி. ஏன் இப்போது அவள் ஞாபகம், அவள் வீடுதான் கீழ்ப்பாடியில் கடைசி, மேட்டின் வெட்டுக்கு நேர் கீழே, அதனால் இருக்கும். அன்னக்கொடி என் வயது, கீழ்ப்பாடிக் கிளைத் தலைவி, முப்பத்தாறு வருடத்துக்கு முன் அந்த நாற்பது நாள் அவளால் வந்தது. காலையில் பெரட்டு உண்டு எல்லாத் தோட்டத்திலும், களத்தில் வரிசையாக நிறுத்திக் கங்காணி பேர் கூப்பிடுவான், இருக்கேன் சாமி என்று சொல்ல வேண்டும், அது பழகிப்போனது. அந்த வருடம் புதிதாக வந்த மானேஜர் வேலை நடுவிலும் பெரட்டு என்றான், இரண்டு மணிக்கு ஒரு முறை மலைச்சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்களைக் கங்காணி பேர் சொல்லிக் கூப்பிடுவான், இருக்கியா, இருக்கேன் சாமி, இருக்கியா, இருக்கேன் சாமி. ஒரு நாள் அன்னக்கொடி பதில் சொல்லவில்லை. அவன் முன்னால் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டே இருந்தாள், நான் நிக்கிறது உன் கண்ணுக்குத் தெரியுதில்ல, அப்புறம் வாயால வேற சொல்லணுமா என்றாள். ஆள் இல்லை என்று எழுதினான். மறுநாளும் நின்றாள், மறுநாளும் ஆள் இல்லை. நின்றுகொண்டிருந்த பெண் புத்தகத்தில் இல்லாமல் போனாள். அதை எடுத்துத்தான் நான் நோட்டீஸ் போட்டேன், என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்ல நோட்டீஸ், தலைப்பு இன்றைக்கும் கீழ்ப்பாடிச் சுவரில் அரைகுறையாக நிற்கிறது, இருக்கிறாயா என்று கேட்காதே. ஜெயித்தோம். நடுப் பெரட்டு போயிற்று. அன்னக்கொடி அதன் பிறகு எந்தப் பேர் கூப்பிடுதலுக்கும் பதில் சொன்னதில்லை, ரேஷன் கடையில் ஆகட்டும் ஆஸ்பத்திரியில் ஆகட்டும் பேர் சொன்னால் பேசாமல் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். சங்கக் கூட்டத்தில்கூட அவள் பேரை நான் வாசிப்பதில்லை, டிக் போட்டுவிடுவேன்.

இடி. காலை ஒன்பது மணிக்கு ஒரு இடி விழுந்தது, ஆபீஸ் ஜன்னல் அதிர்ந்தது, ஏன் இது இவ்வளவு நேரம் தோன்றவில்லை, தண்ணீர்த் தொட்டி மேட்டில் இருக்கிறது நடுப்பெட்டி, கீழ்ப்பாடிக்கும் ஆபீசுக்கும் நடுவில் எல்லாப் பேச்சையும் கைமாற்றி விடுவது அதுதான், எந்தப் பேச்சு யாருக்கு என்பதை அது ஞாபகத்தில் வைத்திருக்கும், கரண்ட் போய் வந்தால் ஞாபகம் போய்விடும். பதிவைத் திறந்தேன். ஒன்பது மணி நான்கு நிமிடத்துக்கு நடுப்பெட்டி அணைந்து மீண்டிருக்கிறது. அப்படியானால் கோல் மட்டும் எப்படிப் பிழைத்தது. கோல் நிமிடத்துக்கு ஒரு முறை பேசுகிறது, பேசியது போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் புதிதாகக் கூப்பிட்டுக்கொண்டது. சங்குப் பெட்டிகள் பேசுவதில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவை, வார்த்தை வரும் வரும் என்று செத்துப்போன கம்பியில் காதை வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கின்றன. பேசியது பிழைத்தது, நம்பிக் காத்திருந்ததுதான் செத்தது. ஆனால் இதற்காகத்தானே நஸீமா ஒரு ஏற்பாடு வைத்திருந்தாள், இந்த மேஜையில் உட்கார்ந்து எனக்குச் சொன்னாள், "ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை பெட்டி உங்களை இருக்கீங்களான்னு கேக்கும்யா, பதில் வரலைன்னா பழைய லைனை வெட்டிட்டுத் தானே புதுசா கூப்பிட்டுக்கும்." அந்த வரி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. இரண்டு முறை படித்தபோதும் கண் அதைத் தாண்டிப் போயிருந்தது, சரியாக இருந்ததால் தாண்டிப் போயிருந்தது. அவள் கெர்னலிடம் கேட்டிருக்கிறாள், கெர்னல் சரி என்றிருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டு ஏன் செய்யவில்லை. கெர்னலில் எந்தப் பக்கத்தைத் திறக்கப் போகிறேன் என்று கைக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியாததுபோல் இருந்தேன். திறந்தேன். இரண்டு நிமிடக் கேள்விக்கான கடிகாரத்தை முடுக்கிவிட வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. நான்கு வரி எடுக்கப்பட்டிருந்தது. எடுத்த இடத்தில், இங்கிலீஷுக்கு நடுவில், தமிழில், என் கையெழுத்துப்போலவே எனக்குத் தெரிந்த ஒரு வரி. இருக்கிறாயா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டாம். ச.

ச என்றால் சன்னாசி, நான். இரண்டு வருடத்துக்கு முன் பெட்டிகளுக்கெல்லாம் கெர்னலை நான்தான் கட்டினேன், சூரிய ஒளியில் ஓடும் சின்னப் பாட்டரி, அடிக்கடி ரேடியோ எழுந்தால் தீர்ந்துவிடும் என்று காரணம் எழுதிவைத்திருக்கிறேன், பொய், பாட்டரிக்காக இல்லை, அந்தப் பக்கத்தை முதல்முதலாகப் படித்தபோதே எனக்குக் கங்காணியின் குரல் கேட்டது, இருக்கியா, இருக்கியா, மெஷினுக்குள்ளும் கொண்டுவந்து வைத்திருக்கிறானே என்று பல்லைக் கடித்தேன், கேட்டால் சரி என்று சொல், ஆனால் செய்யாதே என்று மாற்றினேன், மானேஜரிடம் நாங்கள் செய்ததும் அதுதான், சரிங்க என்போம், செய்யமாட்டோம். அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம். நஸீமாவிடம் சொல்லக்கூட இல்லை. இருக்கியா என்று கேட்பவன் எல்லாம் கங்காணி இல்லை என்பது அறுபத்தாறு வயதுவரை என் மண்டையில் ஏறவில்லை. இங்கிருந்து அந்தப் பெட்டிகளைக் கூப்பிட வழியும் கிடையாது, பெட்டிதான் கூப்பிட வேண்டும், கூப்பிட வேண்டும் என்று அதற்குத் தெரிவதற்கான ஒரே வழியை நான் பிடுங்கியிருக்கிறேன். கோல் நான்கு. நான்கு என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, எழுந்திரு என்று சொல்கிறேன், கால் எழவில்லை, இதுதான் பயமா, போலீஸ் லாரியில் ஏற்றியபோது வந்தது இது இல்லை, அது வெளியே இருந்து வந்தது, எதிரில் ஆள் இருந்தான். குட்டப்பா என்று கத்தினேன். மேலே வந்தவன் என் முகத்தைப் பார்த்துக் கேலியை விழுங்கிக்கொண்டான். மச்சுக்கு ஏறினோம், அவன் என் முழங்காலை ஒரு கையால் தள்ளிக்கொண்டே வந்தான். ஹாரன் மானேஜர் பங்களாவைப் பார்த்துக்கொண்டிருந்தது, முப்பத்தாறு வருடமாக அந்தப் பக்கம்தான் பார்க்கிறது, கோஷம் எல்லாம் அங்கே போவதற்காக நானே முறுக்கிய கம்பி, துருப்பிடித்துக் கெட்டியாகிவிட்டது, நம் ஆட்களிடம் ஹாரனில் பேச வேண்டிய அவசியம் வரும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. குட்டப்பன் டீக்கடை இடுக்கியால் கம்பியை நெம்பினான். இந்தப் பக்கமா தோழரே என்றான். அந்தப் பக்கம். கீழ்ப்பாடிக்கு.

மைக்கைப் பிடித்தபோது பேச்சு தயாராக இருந்தது, பழக்க தோஷம், தோழர்களே என்று ஆரம்பித்துக் கம்பெனி வெட்டிய மேடு என்று போகும் பேச்சு, அதை முழுங்கினேன். "சன்னாசி பேசறேன். சங்கு செத்துப்போச்சு. என் தப்பு. மேடு அசையுது, எல்லாரும் பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஏறுங்க. நான் பேர் கூப்பிடுவேன். ஏறினவங்க கூவுங்க." வெள்ளைக்குள் போயிற்று. ஒன்றும் இல்லை. மழை. கேட்டிருக்குமா, கேட்டும் இருமிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா, கால் மணி நேரம் மறுபடி மறுபடி சொன்னேன், பிறகு சங்க நோட்டைப் பிரித்துக்கொண்டேன், குட்டப்பன் குடையை நோட்டுக்குப் பிடித்தான், இருவரும் நனைந்தோம். முதல் வீடு, ராசுக்கண்ணு. ஒன்றும் இல்லை. ராசுக்கண்ணு. வெகுதூரத்தில், மேலே இருந்து, கீழே இருந்து இல்லை, மேலே இருந்து, ஒரு கூவல். பேருக்கு எதிரில் டிக் போட்டேன். இரண்டாவது வீடு, தெய்வானை. கூவல். ஒச்சப்பன். கூவல். கங்காணியின் ராகத்திலேயே கூப்பிடுகிறேன் என்று ஏழாவது பேரில் தெரிந்தது, பேரின் கடைசியை இழுப்பது, அடுத்த பேருக்கு முன் சின்னதாக நிறுத்துவது, முப்பது வயதுவரை தினமும் காலையில் கேட்டது, தொண்டையில் எங்கேயோ அப்படியே இருந்திருக்கிறது. வெட்கப்பட நேரம் இல்லை. பதினெட்டாவது வீட்டுக்கு நான்கு முறை கூப்பிட வேண்டியிருந்தது. குட்டப்பன் கீழே ஓடித் திரையைப் பார்த்துவிட்டு வந்து ஐந்து என்று விரலைக் காட்டினான், சிவப்பா எழுதியிருக்கு தோழரே, ஒன்பது பெட்டிக்கும் அனுப்பியாச்சுன்னு எழுதியிருக்கு. அனுப்பியாச்சு. எங்கோ துணி கிழிவதுபோல் ஒரு சத்தம் வந்தது, நின்றது, மரமா மண்ணா தெரியவில்லை. இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று. கூவல், கூவல், கூவல். முப்பத்திரண்டாவது பேர் நோட்டில் இருக்கிறது, அதற்கு எதிரில் எப்போதும்போல டிக் போட்டுவிட்டு மூடிவிட முடிந்தால். அன்னக்கொடி என்றேன். ஒரு விநாடி. அன்னக்கொடி. இரண்டு. மழை கூரைத் தகரத்தில். அவள் சொல்லமாட்டாள். செத்தாலும் சொல்லமாட்டாள். அப்படியானால் இந்தப் பேசாமை அவளுடைய பழைய பேசாமையா, பள்ளிக்கூட மேட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, இந்தச் சன்னாசியும் கங்காணி ஆயிட்டானா என்று உதட்டைப் பிதுக்குகிறாளா, அல்லது கடைசி வீட்டில், வெட்டுக்கு நேர் கீழே, இரண்டும் இங்கிருந்து ஒன்றுபோலத்தான் இருக்கும். அன்னக்கொடி. நான்கு. எட்டு. அன்னக்கொடி, நான் கங்காணி இல்லை, சும்மா சொல்லு, ஒரே ஒரு தடவை சொல்லு. பதினாறு எண்ணினேன். குட்டப்பன் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான், எப்போது பிடித்தான் என்று தெரியாது. கிழிகிற சத்தம் மறுபடி வந்தது, இந்த முறை நிற்கவில்லை, நீளமாக, கல்லும் மரமும் தகரமும் சேர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தது, அடங்கியது. முப்பத்திரண்டு எண்ண வேண்டும். எண்ணினேன். அறுபத்து நான்கு. நாற்பத்தொன்று வரை வந்திருந்தேன். வெள்ளைக்குள், மேலே, மற்ற எல்லோருடைய குரலையும்விட மேலே, மூச்சு வாங்கிக்கொண்டு, எதையோ சுமந்து ஏறியவளின் குரல், பதில் இல்லை அது, இருக்கேன் என்று அது சொல்லவில்லை.

"சன்னாசி... நீ இருக்கியாடா?"

மைக் வாயருகில் இருந்தது. இந்தக் கேள்விக்கான பதிலை நானும் முப்பத்தாறு வருடமாக யாருக்கும் சொன்னதில்லை.

"இருக்கேன்," என்றேன். அவளுக்குக் கேட்டிருக்காதோ என்று பயந்து, இன்னொரு முறை சொன்னேன்.